ஏறுகிற எண்ணுக்கும் ஒரு சாட்சி

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து மூன்று கேள்வி கேட்பாய். நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். அதற்குள் உனக்கு அங்கே வேலைக்கு நேரமாகிவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். குறுக்கே பேசாமல் கடைசி வரைக்கும் படி. போன வாரம், "அப்பா கேக்கலைன்னா சொல்லும்மா, வேலைய விட்டுட்டு அடுத்த ஃப்ளைட்ல வந்துடறேன்" என்றாயே, அதற்கு என் பதில் இதில் இருக்கிறது. பெற்றவள் எழுதுகிற கடிதம், ஆகையால் அறிவுரையும் இருக்கும். பொறுத்துக்கொள்.

அப்பாவின் புராஸ்டேட் சுரப்பியில் வந்த கேன்சர் இடுப்பெலும்பு வரைக்கும் போய்விட்டது என்று தெரிந்த நாளில் நான் அழவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். இரண்டு டாக்டரிடம் கேட்டோம், இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: இதை அடியோடு எடுக்க முடியாது, கட்டிவைக்கலாம். ஊசி போட்டு, கூடவே மாத்திரையும் ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் நம் டாக்டர் அந்த யோசனையைச் சொன்னார். ரத்தத்தில் பார்க்கிற பி.எஸ்.ஏ. என்ற எண் பாதிக்குக் கீழே இறங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது, ஊசி மட்டும் தொடர்வது, எண் பழைய இடத்துக்கு ஏறி வந்ததும் மாத்திரையை மறுபடி தொடங்குவது. எல்லாக் கேன்சருக்கும் எல்லா ஆளுக்கும் இது பொருந்தாது, இன்னும் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிற வழிதான், உங்களுக்கு இஷ்டம் இருந்தால் மட்டும் என்று அவர் நிதானமாகத்தான் சொன்னார். எனக்கு எங்கே காது கேட்டது? "ஏன் சார், கேன்சர உள்ள வச்சுக்கினே மருந்த நிறுத்துறதா? இது இன்னா விளையாட்டு?" என்று அவர் அறையிலேயே கத்திவிட்டேன். கோபம் வந்தால் என் வாயில் பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்தவளின் தமிழ் போய்விடும், பிறந்த தெருவின் தமிழ் வந்துவிடும். அப்பா என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் நீ நம் சாப்பாட்டு மேஜைக் கண்ணாடி மேலேயே மார்க்கர் பேனாவால் வரைய ஆரம்பித்தாய். கல்லூரியில் நீ வருஷக்கணக்காக என்ன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாய் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல கேன்சரப் பத்தி ஏதோ பண்றான்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு பெட்டி போட்டாய், அதில் மருந்துக்கு மசிகிற செல்கள் என்று எழுதினாய். பக்கத்தில் இன்னொரு பெட்டி, மசியாத செல்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே வருகிற குழாய் ஒன்று, வெளியே போகிற குழாய் ஒன்று. மருந்து எந்தக் குழாயைத் திறக்கிறது, எண் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது, ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு தாமதமாக மாறுகிறது என்று அம்பு அம்பாகப் போட்டாய். அம்புகள் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முட்டின. "இதுக்குப் பேரு சிஸ்டம் டைனமிக்ஸ்மா. எதையும் தனியா பாக்காம, எது எதைத் தள்ளுது, அது திரும்பி வந்து எதைத் தள்ளுதுன்னு பாக்கறது" என்றாய். அப்பா சாப்பிடும்போது ரசத்தைச் சிந்தி மசியாத செல்கள் பெட்டியை அழித்துவிட்டார். "பாத்தியாடா, என் ரசத்துக்கே மசிஞ்சிடுச்சு" என்றார். நோய் தெரிந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான்.

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் நீ ரயிலுக்கு வந்தாய். காலேஜுக்குப் போகும்போது, பெருங்களத்தூரில் ஏறினால் செங்கல்பட்டு வண்டியில் நிற்கத்தான் இடம் என்று தாம்பரம் வரைக்கும் போய், அங்கே புறப்படுகிற வண்டியில் சீட் பிடிப்பாயே, அதை வைத்துச் சொன்னாய். பெட்டி நிறைய உட்கார்ந்திருக்கிறவர்கள் மசிகிற ஆட்கள், சொன்னால் எழுந்து போய்விடுவார்கள். வாசலில் தொங்குகிற நாலு பேர் மசியாதவர்கள். ஒரேயடியாக எல்லோரையும் எழுப்பி இறக்கிவிட்டால் வண்டி காலி என்று நாம் சந்தோஷப்படுவோம். ஆனால் அந்த நாலு பேரும் உள்ளே வந்து உட்காருவார்கள், அவர்கள் ஆட்களும் ஏறுவார்கள், அப்புறம் யார் சொன்னாலும் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் மசிகிறவர்களில் கொஞ்சம் பேரை உட்காரவே விடுகிறோம். அவர்கள் உட்கார்ந்திருக்கிற வரைக்கும் மற்றவர்களுக்கு இடம் கிடைக்காது. அப்பாவின் உடம்புக்குள் பகை என்று நான் சபித்துக்கொண்டிருந்த கூட்டத்திலேயே பாதி நமக்குக் காவல் நிற்கிறதா? இத்தனை வருஷம் பைபிள் வாசித்தவள், ஜெபம் பண்ணினவள், என் கற்பனைக்கு இது எட்டவே இல்லையடா.

அப்புறம் லேப்டாப்பைத் திறந்து இரண்டு கோடு காட்டினாய். முதல் கோடு, மருந்தை நிறுத்தாமல் முழு வேகத்தில் கொடுத்தால் என்ன ஆகும் என்பது. எண் சரசரவென்று இறங்கித் தரையோடு தரையாக ஓடியது. நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன், "இரும்மா" என்றாய். கோடு தரையிலேயே வெகுதூரம் போய், ஒரு இடத்தில் மெதுவாகத் தலை தூக்கி, அப்புறம் ஏறிக்கொண்டே போனது. அதற்கு மேல் எதைத் தள்ளினாலும் அது இறங்கவில்லை. இரண்டாவது கோடு அலை மாதிரி ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போனது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் அது முதல் கோட்டைத் தாண்டி, திரையின் ஓரம் வரைக்கும் போய்க்கொண்டே இருந்தது. இது அப்பாவின் ஜாதகம் இல்லை, நான் போட்ட கணக்கு, நெஜ உடம்பு வேற மாதிரியும் நடக்கும் என்று நீ எச்சரித்தாய். நான் கேட்டேன், "உன்னக் காய்ச்சல்ல படுக்கப்போட்டு, மாத்திரைய பாதில நிறுத்தாதேன்னு உருட்டி மிரட்டினவ நான். இப்ப எங்கிட்டயே வந்து நிறுத்துங்கிறியே?" என்று. "அது கிருமிம்மா, மிச்சம் வைக்காம அழிச்சிடலாம், அதனால முழுசா முடிக்கணும். அப்பாவுக்கு வந்திருக்கறத அழிக்க முடியாதுன்னு ஆயிடுச்சு. அதனாலதான் வேற கணக்கு" என்றாய். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பெட்டியும் குழாயுமாகப் போட்டு, அது நாளைக்கு என்ன செய்யும் என்று இன்றைக்கே கேட்க முடிகிறதே என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வயிற்றில் கிடந்தவன்தானா இவன் என்று இருந்தது. அப்பா கையெழுத்துப் போட்டது அந்த வாரம்தான்.

எண் பாதிக்குக் கீழே இறங்கிய ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும், நீ விமானம் ஏறுவதற்கு முந்தைய ஞாயிறு. நம் சபையில் சாட்சி சொல்வதற்கு ஒரு வழக்கம் இருக்கிறதே: வியாதி வந்தது, ஜெபித்தோம், போய்விட்டது, ஸ்தோத்திரம். சுகமானவர்கள்தான் எழுந்து நிற்பார்கள். பாதி வழியில் இருக்கிறவர் எழுந்து நின்றதை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை. அப்பா எழுந்தார். திட்டம் என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும், எண் மறுபடி ஏறும் என்பதும் தெரியும். ஆனாலும் அத்தனை முகங்கள் திரும்பிப் பார்த்ததும் வாயில் அந்தப் பழைய வார்த்தைகள்தான் வந்தன. "கர்த்தர் என்ன முழுசா சுகமாக்கிட்டார்" என்றார். சபையே அல்லேலூயா சொன்னது. நான் அழுதேன், நீயும்தான் கைதட்டினாய். ஆராதனை முடிந்து எல்லோருக்கும் கேக் கொடுத்தோம். நாம் மூன்று பேருமே அன்று நீ வரைந்த படத்தைச் சௌகரியமாக மறந்துவிட்டோம் என்பதுதான் உண்மை. கீழே இறங்குகிற கோட்டைப் பார்த்தால் மனுஷனுக்கு மயக்கம் வந்துவிடுகிறது. உன் வேலையிலும் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்.

நீ போன பிறகு எண் ஏற ஆரம்பித்தது. கணக்கில் இருந்தபடிதான், கொஞ்சம் கொஞ்சமாகத்தான். ஆனால் படத்தில் ஏறுவதைப் பார்ப்பது வேறு, லேபிலிருந்து போனுக்கு வருகிற எண்ணைப் பார்ப்பது வேறு. அந்த நேரம் பார்த்து, பாட்டுக்குழுவில் பாடுவாரே செல்வராஜ், அவர் தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, அனகாபுத்தூர்ல என் மச்சானுக்கும் இதே வியாதிதான். நீங்க வந்து முழுசா சரியாயிடுச்சுன்னு ஒரு வார்த்த சொன்னா அவனுக்குத் தெம்பா இருக்கும்ணா" என்று கேட்டிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஞாயிறு முட்டி வலி என்றார். அதற்கடுத்த ஞாயிறு தெருவில் தண்ணீர் நிற்கிறது என்றார். பீர்க்கன்கரணையில் தண்ணீர் நிற்பது என்ன புதுசா? அந்த மனுஷன் குடையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் சர்ச்சுக்குப் போனவர். "நான் போய் எப்பிடி அவங்க மூஞ்சில முழிப்பேன்? பொய் சாட்சி சொன்னவன் ஆயிட்டேனேடி" என்று ஒருநாள் வாய் விட்டுச் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம்தான் அவர் டாக்டருக்கு போன் போட்டு, மாத்திரையை உடனே ஆரம்பிக்கச் சொல்லிக் கேட்டது. எண் இன்னும் அந்தப் பழைய இடத்தைத் தொடவில்லை. வலி கிடையாது, நடையில் தளர்ச்சி கிடையாது. சபையில் ஊரே கூடுகிற அறுப்பின் பண்டிகைக்குள் எண் இறங்கிவிட்டால் தலை நிமிர்ந்து சபைக்குள் போகலாம் என்பதுதான் அவர் கணக்கு. அதற்காக, உட்கார்ந்திருக்கிற நல்ல காவலையெல்லாம் எழுப்பி அனுப்பத் தயாராகிவிட்டார். டாக்டர், "நீங்க உறுதியா கேட்டா நான் மாட்டேன்னு சொல்ல முடியாது சார். ஒரே ஒரு தடவ உங்க பையன்கிட்ட பேசிட்டுச் சொல்லுங்க" என்றாராம். உன்னோடு பேச அப்பாவுக்கு வாய் வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் உன்னிடம் கொட்டி முடித்தேன். "அம்மா, நம்ம சர்ச் என் மாடல்ல இல்லம்மா. நோயாளி பயந்து மருந்து கேப்பார்னே நான் ஒரு அம்பு போடல. செல்லு, மருந்து, நம்பர் மட்டும் போட்டேன்" என்றாய். அதற்குப் பிறகுதான் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்ற பேச்சு.

அந்த போனிலேயே, எப்படி வரைய வேண்டும் என்றும் நீ சொன்னாய் அல்லவா? போனை வைத்ததும் மார்க்கரைத் தேடி எடுத்து அதே கண்ணாடி மேல் வரைந்தேன். என் கோடு கோணல்மாணல்தான். எண் ஏறுகிறது, அதிலிருந்து ஒரு அம்பு வெட்கம் என்ற பெட்டிக்கு. வெட்கத்திலிருந்து ஒரு அம்பு மாத்திரைக்கு. மாத்திரையிலிருந்து மசிகிற செல்களுக்கு, அவை எழுந்து போனதும் மசியாதவற்றுக்கு இடம், அங்கிருந்து சுற்றி வந்து மறுபடி எண்ணுக்கு, இந்தத் தடவை இறங்காத எண்ணுக்கு. அப்பா காபியோடு வந்து மேஜையில் உட்கார்ந்தார். "இது இன்னா?" என்றார். "உங்க பையன் சொன்னான், நான் போட்டேன். நீங்க எங்க இருக்கீங்கன்னு பாருங்க" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் ஒவ்வொரு அம்பையும் தொட்டுக்கொண்டே போனார். அந்த விரல் வெட்கத்தில் வந்து நின்றது. தன் உடம்புக்குள் ஓடுகிற வட்டம் நம் சர்ச் பெஞ்சு வழியாகவும் செல்வராஜ் வாய் வழியாகவும் சுற்றிக்கொண்டு வருகிறது என்பதைப் பார்த்தபோது அவர் முகத்தில் பயம் இல்லையடா, ஆச்சரியம்தான் இருந்தது. எனக்கும் மயிர் கூச்செறிந்தது. கேன்சர் என்றால் உடம்புக்குள் இருக்கிற ஒரு கட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதி ஊரையும் சேர்த்துக்கொண்டு சுற்றுகிற விஷயமாக இருக்கிறதே!

"இதுல எந்த அம்ப நம்மால வெட்ட முடியும்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். எண் ஏறுவதை வெட்ட முடியாது, ஏறவேண்டும் என்பதுதான் வைத்தியம். செல்களிடம் போய்ப் பேச முடியாது. காபி ஆறிப்போயிருந்தது, அவர் அதை அப்படியே குடித்துவிட்டு ஏரிப்பக்கம் நடக்கப் போய்விட்டார். டாக்டருக்கு போன் பண்ணுவாரா மாட்டாரா என்று எனக்கு அன்று முழுதும் அடுப்படியில் கை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், குளித்து வெள்ளைச் சட்டை போட்டு நிற்கிறார். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டால் உட்கார்ந்துவிடுவாரோ என்று பயம். சாட்சி நேரம் வந்தது. ஒரு பெண் தன் மகளுக்குக் குழந்தை பிறந்ததற்கு நன்றி சொல்லி உட்கார்ந்தாள். அப்பா எழுந்தார். முன் பெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "போன தடவ இங்க நின்னு, முழுசா சுகமாயிடுச்சுன்னு சொன்னேன். அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சிடுங்க. வியாதி எனக்குள்ளதான் இருக்குது. மாசாமாசம் நம்பர் ஏறிக்கிட்டு இருக்குது. கொஞ்சம் ஏறட்டும்னுதான் டாக்டர் மாத்திரைய நிறுத்தி வச்சிருக்கார். அப்புறம் மாத்திர வரும், நம்பர் இறங்கும், திரும்ப ஏறும். அப்பிடியேதான் போகும். எனக்கு பயமாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்குக் காலைல ஏரிக்கரைல நடந்தேன், வீட்ல இட்லி சாப்பிட்டேன், இங்க வந்து உங்களோட பாடினேன். வியாதியோட இருக்கேன். அதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லலாமான்னு எனக்குத் தெரியல. சொல்றேன்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் ஏதாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று எனக்கு இருந்தது. அப்போது பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. கிரேஸ் அக்கா, கோவிலம்பாக்கத்திலிருந்து ஆட்டோ வைத்துக்கொண்டு வருவார்களே, யாரிடமும் அதிகம் பேசாதவர்கள், அவர்கள் எழுந்து நின்றார்கள். "பாஸ்டர், நானும் சொல்லலாமா? எனக்கு டயாலிசிஸ் நடந்துகிட்டு இருக்கு. அது நிக்கப்போறதில்ல. சுகமானவங்கதான் சாட்சி சொல்லணும்னு நெனச்சு, இத்தன வருஷமா நான் எழுந்து நின்னதே இல்ல. போன வாரமும் உயிரோட வீட்டுக்குத் திரும்பி வந்தேன். ஸ்தோத்திரம்." அவ்வளவுதான் சொன்னார்கள். பாஸ்டர் ஆமென் சொன்னார். சபையும் சேர்ந்து சொன்னது. நான் எத்தனையோ சாட்சி கேட்டிருக்கிறேன் தம்பி, அன்றைக்கு மாதிரி தேவன் பக்கத்தில் இருக்கிறார் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

வெளியே வந்தால் செல்வராஜ் கேட் பக்கத்தில் நிற்கிறார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "தம்பி, உங்க மச்சான் விஷயத்துல நான்…" என்று ஆரம்பித்தார். அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, இப்ப வாங்கண்ணா. அவனுக்கும் போகாதுன்னுதான் டாக்டர் சொல்லிட்டாரு. முழுசா சரியான ஆளக் கூட்டிக்கினு போனா அவன் இன்னும் உடைஞ்சிருப்பான். இதோட எப்பிடி இருக்கறதுன்னு தெரிஞ்ச ஆளுதான் அவனுக்கு வேணும்" என்றார். அப்பா அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு அனகாபுத்தூருக்குப் போய், இருட்டுவதற்கு முன்னால் வந்தார். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "ரயில் சீட்டு கதைய சொன்னேன். ஆனா ஒன்னு, எனக்குக் குடுக்கற வைத்தியம் ஒனக்கும் சரிவரும்னு நெனச்சிக்காத, ஒன் டாக்டரக் கேளுன்னும் சொல்லிட்டு வந்தேன்" என்றார். உன்னை மாதிரியே எச்சரிக்கையாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்.

நேற்று இந்த மாதத்து எண் வந்தது. இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது, டாக்டர் குறித்த இடத்தை இன்னும் தொடவில்லை. அப்பா அதைப் பார்த்துவிட்டு, டாக்டருக்குத் தானே போன் போட்டு, "அவசரமில்ல சார், நீங்க சொல்லும்போதே ஆரம்பிக்கலாம்" என்றார். அப்புறம் பேப்பர் படிக்கப் போய்விட்டார். எனக்கும் ஒன்று தெரியும் கண்ணு. எந்தக் கோடும் திரை ஓரத்தோடு நின்றுவிடுவதில்லை, அதற்கப்பாலும் அது எங்கேயோ போகிறது. நீ அதை எங்களுக்குக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை, இனிமேலும் கேட்க மாட்டேன். இருக்கிற அலைகளை எண்ணாமல் வாழ்ந்துகொள்கிறோம்.

ஆகையால் நீ வரவேண்டாம். உன் வேலையைப் பார், நேரத்துக்குச் சாப்பிடு, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே. உன் படத்தில் விட்டுப்போனது என்றாயே, அந்தப் பெட்டியை இப்போதே போட்டுவிடு. உன்னைவிடப் பெரிய ஆட்கள் யாராவது இது எதற்கு என்று சிரித்தாலும் எடுத்துவிடாதே. வெட்கம் என்று பெரிய எழுத்தில் எழுது. அதிலிருந்து மாத்திரைக்குப் போகிற அம்பையும் தெளிவாகப் போடு. அந்த அம்பைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா எழுந்து நின்று தன் கையாலேயே வெட்டினார்.

உன் அம்மா